திரையில் ஒலிக்கும் மொழியும் தேசிய அடையாளமும்: பிராங்கோவுக்குப் பிந்தைய ஸ்பானியத் திரைப்படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பிராங்கோ ஆட்சியில் ஸ்பெயின் நாட்டுத் திரையரங்குகளில் கஸ்தீலிய மொழி மட்டுமே ஒலிக்க வேண்டும் என்ற நிலை உருவாக்கப்பட்டது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே மக்கள் என்ற கருத்தைப் பார்வையாளர் மனத்தில் பதிய வைத்ததில் அந்நிலைக்குப் பெரும் பங்குண்டு. 1975க்குப் பின் கத்தலான், பாஸ்க், கலீசியம் ஆகிய மொழிகள் திரைக்கு வந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் மொழிகளை ஏற்றுக்கொண்ட காலத்திற்கும், அம்மொழிப் படங்கள் தேசியப் படங்களாக ஏற்கப்பட்ட காலத்திற்கும் இடையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. அவ்விடைவெளியே சமகால ஸ்பானியத் தேசிய அடையாளத்தின் உண்மை நிலையைக் காட்டுகிறது என்பது இதன் முடிபு.

குறிச்சொற்கள்: ஸ்பானியத் திரைப்படம், தேசிய அடையாளம், குரல்மாற்று, கத்தலான், பாஸ்க், கலீசியம், கோயா விருது

முன்னுரை

ஸ்பெயினில் பேசப்படுவது ஸ்பானியம் என்பது பொதுவான எண்ணம். அந்நாட்டிலோ அம்மொழியைக் 'கஸ்தீலியம்' என்று அழைப்பதும் பெருவழக்கு. கஸ்தீலியம் என்றால் அது கஸ்தீலியப் பகுதியின் மொழி; ஸ்பானியம் என்றால் அது முழு நாட்டின் மொழி. எப்பெயரைத் தேர்வது என்பதிலேயே ஓர் அரசியல் நிலைப்பாடு அடங்கியுள்ளது. 1978ஆம் ஆண்டு அரசமைப்பு அதனைக் கஸ்தீலியம் என்றே குறிப்பிட்டு, நாடு முழுவதற்குமான ஆட்சிமொழியாக அறிவிக்கிறது. ஏனைய மொழிகள் அவ்வத் தன்னாட்சிப் பகுதிகளில் ஆட்சிமொழிகளாக இருக்கும் என்றும் கூறுகிறது. அதே அரசமைப்பின் இரண்டாம் பிரிவு நாட்டின் பிரிக்கவியலா ஒருமையையும், அதனுள் அடங்கிய தேசிய இனங்கள், வட்டாரங்கள் ஆகியவற்றின் தன்னாட்சி உரிமையையும் ஒரே தொடரில் கூறிச் செல்கிறது.

ஸ்பானியத் திரைப்படத்தையும் தேசிய அடையாளத்தையும் இணைத்துப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் உள்நாட்டுப் போரின் நினைவையோ, பெத்ரோ அல்மொதோவார் போன்ற பெரும் இயக்குநர்களின் படைப்புலகத்தையோ மையமாகக் கொள்கின்றன. இக்கட்டுரை அவற்றிலிருந்து விலகி, படத்தில் எம்மொழி ஒலிக்கிறது என்ற எளிய வினாவை எடுத்துக்கொள்கிறது. திரைப்படம் காட்சிக்கலை என்று கருதப்படுவதால் அதன் ஒலி குறைவாகவே கவனிக்கப்படுகிறது. ஆனால் ஸ்பெயினைப் பொறுத்தவரை, தேசம் முதலில் கட்டப்பட்டதும் பின்னர் கேள்விக்குள்ளானதும் ஒலியின் வழியாகவும்தான்.

1. ஒற்றைக் குரலின் உருவாக்கம்

உள்நாட்டுப் போர் 1939இல் பிராங்கோவின் வெற்றியோடு முடிந்தது. 1941 ஏப்ரலில் வெளியான அரசாணை, வெளிநாட்டுப் படங்கள் அனைத்தும் கஸ்தீலியத்தில் குரல்மாற்றம் செய்யப்பட்ட பின்னரே திரையிடப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. தாய்மொழியைக் காத்தல், உள்நாட்டுத் தொழிலை வளர்த்தல் என்பன வெளிப்படையாகச் சொல்லத்தக்க காரணங்களாயின. நடைமுறையில் இருவிதப் பயன்கள் ஆட்சிக்குக் கிட்டின. முதலாவது, வசனத்தை மாற்றியமைப்பதன் மூலம் தணிக்கை எளிதாயிற்று. ஜான் ஃபோர்டின் 'மொகாம்போ' (1953) படத்தில் மணமுறிவுக்குரிய காதலை மறைக்க விரும்பிய தணிக்கையாளர், கணவன் மனைவியை உடன்பிறந்தோராக வசனத்தில் மாற்றினர். இதனால் படம் அண்ணன் தங்கை உறவு பற்றிய வேறொரு ஐயத்தைக் கிளப்பியது என்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. இரண்டாவது பயன் இதைவிட ஆழமானது. அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் திரையில் கஸ்தீலியம் பேசினர். ஆனால் பார்சலோனாவின் தெருவில் பேசப்பட்ட கத்தலான் அங்குத் திரையில் ஒலிக்கவில்லை. கட்டாயக் குரல்மாற்று 1940களின் பிற்பகுதியில் தளர்த்தப்பட்டபோதும், பழக்கம் நிலைத்துவிட்டது. இன்றும் ஸ்பெயினில் வெளிநாட்டுப் படங்களைக் குரல்மாற்று வடிவில் காண்பதே பெருவழக்கு.

1942இல் வெளியான 'ராசா' (இனம்) இவ்வொற்றைக் குரலின் முன்மாதிரி. ஹைமே தெ ஆந்திராதே என்ற புனைபெயரில் பிராங்கோவே எழுதிய கதையை, ஹோசே லூயிஸ் சயென்ஸ் தெ எரேதியா இயக்கினார். ஒரு கடற்படைக் குடும்பத்தின் வழியாக நாட்டின் 'உண்மையான' மக்களையும் பகைவரையும் பிரித்துக்காட்டிய படம் இது. இரண்டாம் உலகப் போரில் அச்சு நாடுகள் தோற்றபின் அப்படத்தின் சில பகுதிகள் ஆட்சிக்கு இடையூறாயின. 1950இல் 'எஸ்பிரித்து தெ உனா ராசா' (ஓர் இனத்தின் ஆன்மா) என்ற பெயரில் அது மீண்டும் வெளியானபோது, பாசிச வணக்கக் காட்சிகள் வெட்டப்பட்டு, வசனங்கள் மாற்றப்பட்டுக் குரல் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. நடிகரின் முகம் மாறவில்லை. அவர் பேசிய அரசியல் மாறியது. தேசத்தின் வரலாற்றையே குரல்மாற்றுச் செய்யமுடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வொருமை போலியானது என்பதை அக்காலத்திலேயே நகைச்சுவையால் சுட்டியவர் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா. அவரது 'பியென்வெனிதோ மிஸ்டர் மார்ஷல்' (1953) படத்தில், அமெரிக்க உதவிக் குழு வரப்போவதாகக் கேள்வியுற்ற ஒரு கஸ்தீலிய ஊர், தன்னை ஆந்தலூசிய ஊராக வேடமிட்டுக்கொள்கிறது. வெளிநாட்டார் மனத்தில் ஸ்பெயின் என்றால் ஆந்தலூசியத் தொப்பியும் பிளமெங்கோ நடனமும்தான் என்பதால் ஊரார் அவ்வாறு செய்கின்றனர். அமெரிக்கரின் வண்டிகளோ நிற்காமல் ஊரைக் கடந்து சென்றுவிடுகின்றன. தேசிய அடையாளம் என்பது பிறர் பார்வைக்காக அணியும் உடை என்ற எண்ணத்தை இப்படம் அன்றே முன்வைத்தது.

2. மாறுகாலமும் மொழிகளின் வருகையும்

பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே அந்தோனி ரிபாஸ் இயக்கிய 'லா சியுதாத் கிரெமாதா' (எரிந்த நகரம்) கத்தலான் மொழியில் வெளிவந்தது. 1899 முதல் 1909 வரையிலான பார்சலோனாவின் வரலாற்றை, 'துயர வாரம்' எனப்படும் கிளர்ச்சி வரை கூறிய அப்படத்தின் வரவேற்பில் கதைக்கு ஈடாக மொழிக்கும் பங்கிருந்தது. 1977 நவம்பரில் திரைப்படத் தணிக்கை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1978இல் அரசமைப்பு வந்தது.

இம்மாற்றத்தில் தொலைக்காட்சியின் பங்கு பெரிது. 1980களின் முற்பகுதியில் பாஸ்க், கத்தலான், கலீசியப் பகுதிகள் தத்தம் மொழிகளில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களைத் தொடங்கின. 1983இல் ஒளிபரப்பைத் தொடங்கிய கத்தலான் நிலையமான தேவே-திரெஸ், 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடரைக் கத்தலானில் குரல்மாற்றி வழங்கியது. இங்கு ஒரு வரலாற்று முரண் உள்ளது. எக்கருவி மொழிகளை மௌனமாக்கியதோ அக்கருவியே அவற்றை மீட்கவும் பயன்பட்டது. வீட்டுக்கும் அடுக்களைக்கும் உரியதாகச் சுருக்கப்பட்ட மொழி, டெக்சாஸ் எண்ணெய் வணிகர் வாயிலிருந்தும் வரக்கூடியது என்று கேட்போர் உணர்ந்தபோது, அது முழு வாழ்க்கைக்குமான மொழி என்ற நம்பிக்கை வலுப்பட்டது.

அதே காலத்தில் மாட்ரிட் அரசு வேறொரு நோக்கோடு செயல்பட்டது. திரைப்படத் துறையின் தலைமை இயக்குநராக இருந்த பிலார் மிரோ 1983இல் கொண்டுவந்த ஆணை, தரமான படங்களுக்கு முன்கூட்டியே அரசு உதவி வழங்க வழிசெய்தது. நவீன, ஐரோப்பிய, மக்களாட்சி ஸ்பெயினை உலகுக்குக் காட்டும் இலக்கியத் தழுவல்கள் இவ்வுதவியால் பெருகின. பழைய தேசியத்தின் உள்ளடக்கம் இப்படங்களில் நீக்கப்பட்டது. எனினும் அவற்றின் மொழி பெரும்பாலும் கஸ்தீலியமாகவே தொடர்ந்தது.

3. நிலம் உண்டு, மொழி இல்லை

1980, 1990களின் படங்களில் ஒரு பொதுப்பண்பைக் காணலாம். கதை நிகழும் நிலம் கலீசியாவாகவோ பாஸ்க் நாடாகவோ இருக்கும். பேசுவோர் கஸ்தீலியத்தில் பேசுவர். ஹூலியோ மேதெம் இயக்கிய 'வாக்காஸ்' (பசுக்கள், 1992) பாஸ்க் பள்ளத்தாக்கு ஒன்றில் இரு குடும்பங்களின் பகையை, 1875இன் கார்லிஸ்டுப் போர் முதல் 1936 வரை தொடர்ந்து சொல்கிறது. மரம் வெட்டும் போட்டி, பண்ணை வீடு, காடு எனப் பாஸ்க் வாழ்வின் அடையாளங்கள் அனைத்தும் அதில் உள்ளன. அம்மனிதர்கள் அன்றாடம் பேசியிருக்கக்கூடிய மொழிக்கு மட்டும் அங்கு இடம் மிகக் குறைவு.

ஹோசே லூயிஸ் குவெர்தாவின் 'லா லெங்குவா தெ லாஸ் மரிபோசாஸ்' (1999) இன்னும் கூர்மையான சான்று. மனுவேல் ரிவாஸ் கலீசிய மொழியில் எழுதிய கதைகளின் தழுவல் இது. 1936இல் கலீசியச் சிற்றூர் ஒன்றில், மொஞ்சோ என்ற சிறுவனுக்கும் குடியரசை நேசிக்கும் முதிய ஆசிரியர் தொன் கிரெகோரியோவுக்கும் இடையிலான பாசமே கதை. கிளர்ச்சிப் படையினர் ஆசிரியரைக் கைதுசெய்து வண்டியில் ஏற்றும்போது, தன் குடும்பத்தைக் காக்கத் தாய் ஏவியபடி சிறுவன் அவரை வசைபாடிக் கல்லெறிகிறான். வசைகளினூடே, அவர் கற்றுக்கொடுத்த பறவையின் பெயரும், வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்குரிய பெயரும் அவன் வாயிலிருந்து வருகின்றன. அச்சத்தால் மொழி திரியும் விதத்தை இதைவிட நுட்பமாகக் காட்டிய ஸ்பானியப் படங்கள் மிகச் சில. படத் தலைப்பிலுள்ள 'லெங்குவா' என்ற சொல்லுக்கு நாக்கு என்றும் மொழி என்றும் பொருளுண்டு. அத்தகைய படமே அக்கதைகளின் மூலமொழியைத் திரையில் ஒலிக்கச் செய்யவில்லை.

இதனை இயக்குநர்களின் தனிப்பட்ட குறையாகக் கருதுவது பொருந்தாது. நாடு முழுவதும் திரையிடப்பட வேண்டிய படத்திற்குக் கஸ்தீலியமே சந்தையின் மொழி. வசனவரிகளைப் படித்துப் படம் பார்க்கும் பழக்கம் பெரும்பான்மைப் பார்வையாளருக்கு இல்லை. ஆணை நீங்கிய பின்னும் அது உருவாக்கிய செவிப்பழக்கம் ஆணையின் வேலையைத் தொடர்ந்து செய்தது.

4. விருது மேடையும் 'நம்முடைய' மொழியும்

ஸ்பானியத் திரைப்படக் கலைக்கழகம் 1987 முதல் வழங்கிவரும் கோயா விருதுகள், எது தேசியப் படம் என்பதை ஆண்டுதோறும் அறிவிக்கும் மேடையாக விளங்குகின்றன. அவ்விருதுப் பட்டியலை மொழி நோக்கில் வாசித்தால் எதிர்பாராத ஒரு வரிசை புலப்படுகிறது.

கஸ்தீலியத்தில் ஒரு வசனமும் இல்லாத ஒரு படம் முதன்முதலாகச் சிறந்த படத்திற்கான கோயா விருதைப் பெற்றது 2002 விழாவில். அது அலெஹாந்த்ரோ அமெனாபாரின் 'தி அதர்ஸ்'; மொழி ஆங்கிலம். 2006இல் இசபெல் கோய்ஷெத்தின் 'லா வீதா செக்ரெத்தா தெ லாஸ் பலாப்ராஸ்' (சொற்களின் மறைவாழ்வு) அவ்விருதைப் பெற்றது. அதன் முதன்மை மொழியும் ஆங்கிலமே. அகுஸ்தி வில்லாரோங்கா இயக்கிய 'பா நெக்ரே' (கருப்பு ரொட்டி) 2011இல் ஒன்பது விருதுகளுடன் சிறந்த படமாகத் தேர்வான பின்னரே, கத்தலான் மொழிப் படம் ஒன்று முதன்முறையாக அவ்விடத்தை அடைந்தது. நாட்டு மக்களில் பல இலட்சம் பேரின் தாய்மொழிக்கு முன்பாக, நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இல்லாத ஆங்கிலம் இருமுறை தேசிய விருது மேடையேறியது.

2018 விழா இவ்வரிசையை மேலும் தெளிவாக்குகிறது. ஐத்தோர் அரெகி, ஹோன் கரானோ ஆகியோர் இயக்கிய 'ஹாந்தியா' என்ற பாஸ்க் மொழிப் படம், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேருருவ மனிதர் ஒருவரின் கதை. அது அவ்விழாவில் பத்து விருதுகளைப் பெற்றது. சிறந்த படத்திற்கான விருதோ கோய்ஷெத் ஆங்கிலத்தில் எடுத்த 'தி புக்ஷாப்' படத்திற்குச் சென்றது. 2023 விழாவில், கார்லா சிமோனின் கத்தலான் மொழிப் படமான 'அல்காராஸ்' பதினொரு பரிந்துரைகளைப் பெற்று ஒரு விருதும் பெறாமல் திரும்பியது. அப்படம் 2022இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை வென்றிருந்தது; ஆஸ்கருக்கு ஸ்பெயினின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுவே.

இவ்வரிசையிலிருந்து வாக்களித்தோரின் உள்நோக்கத்தை ஊகிப்பது முறையன்று. ஒவ்வொரு படத்தின் கலைத்தரமும் தனித்தனியே மதிப்பிடத்தக்கது; கத்தலான், பாஸ்க் படங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறலாம். ஆங்கிலப் படம் வெற்றிபெற்றால் அது ஸ்பானியத் தொழில்திறனின் உலக வெற்றியாகக் கொள்ளத்தக்கது. அங்கு மொழி தேசத்தோடு போட்டியிடுவதில்லை. கத்தலான் படம் வெற்றிபெற்றாலோ, இது எந்தத் தேசத்தின் படம் என்ற வினா உடன் எழுகிறது. 2007ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம், ஸ்பானியப் படத்தின் மூலவடிவம் நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஏதேனும் ஒன்றில் அமைவதை விரும்பத்தக்கதாகக் கூறுகிறது. சட்டத்தின்முன் அம்மொழிகள் சமம். செவிகளுக்கு அச்சமத்துவம் பழக நெடுங்காலம் ஆகிறது.

5. மொழியே கதைப்பொருளாதல்

அண்மைக்காலப் படங்களில் வட்டார மொழி பின்னணி அடையாளமாக நின்றுவிடாமல், கதையின் முரணையே தாங்கி நிற்கிறது. 'அல்காராஸ்' இதற்குச் சிறந்த சான்று. லெயிதா பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பீச் பழம் பயிரிடும் சொலே குடும்பத்தின் கடைசி அறுவடையை அப்படம் சொல்கிறது. உள்நாட்டுப் போரின்போது சொலே குடும்பம் நிலவுடைமையாளரை ஒளித்துவைத்துக் காத்தது. நன்றிக்கடனாக நிலம் வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டது. பத்திரம் இல்லை. நிலவுடைமையாளரின் வாரிசு, மரங்களைப் பிடுங்கிவிட்டுச் சூரிய மின்தகடுகள் பதிக்க விரும்புகிறார். நடிகர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர் அல்லர், அப்பகுதி மக்கள். பார்சலோனாவின் பொதுவழக்கிலிருந்து வேறுபட்ட வட்டார வழக்கையே அவர்கள் பேசுகின்றனர். வாய்ச்சொல்லுக்கு எழுத்தின் மதிப்பு இல்லை என்ற கதையை, எழுத்துத் தரத்திற்கு உட்படாத பேச்சு வழக்கிலேயே சொல்வதால் வடிவமும் பொருளும் ஒன்றாகின்றன. நிலவுடைமையாளரும் கத்தலான் மொழியினரே. ஆகவே இங்கு மோதல் கத்தலானுக்கும் கஸ்தீலியத்துக்கும் இடையிலானதன்று. மொழி ஒன்றாக இருந்தும் நிலத்தின் மீதான உரிமை ஒன்றாக இல்லை என்பதைப் படம் மறைக்கவில்லை.

ரொத்ரிகோ சொரோகோயனின் 'அஸ் பெஸ்தாஸ்' (விலங்குகள், 2022), கோயா விழாவில் 'அல்காராஸ்' படத்தோடு போட்டியிட்டு வென்றது. கலீசிய மலையூர் ஒன்றில் குடியேறி இயற்கை வேளாண்மை செய்யும் பிரெஞ்சுத் தம்பதியர், காற்றாலை நிறுவனத்துக்கு நிலத்தை விட்டுக்கொடுக்க மறுக்கின்றனர். வறுமையிலிருந்து விடுபட அப்பணத்தையே நம்பியிருக்கும் உள்ளூர்ச் சகோதரர் இருவர் அவர்களைப் பகைக்கின்றனர். பகை கொலையில் முடிகிறது. கலீசியம், கஸ்தீலியம், பிரெஞ்சு ஆகிய மூன்றும் படத்தில் ஒலிக்கின்றன. இம்மூன்றின் இடமும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சு அத்தம்பதியரின் இல்லத்து மொழி. கலீசியம் உள்ளூராரின் உறவுமொழி. கஸ்தீலியமோ இருதரப்பாரும் பேசிக்கொள்ள உதவும் இடைமொழி. ஒருகாலத்தில் தேசத்தின் ஒரே குரலாகத் திணிக்கப்பட்ட மொழி, இப்படத்தில் ஒருவரையொருவர் நம்பாதோர் பேரம்பேசும் மொழியாகச் சுருங்குகிறது.

இதற்கு நேர்மாறான நிலையில் நிற்பது எமிலியோ மார்த்தினெஸ் லாசரோவின் 'ஒச்சோ அபெய்யீதோஸ் வாஸ்கோஸ்' (எட்டுப் பாஸ்க் குடும்பப்பெயர்கள், 2014). உள்நாட்டுத் திரையரங்குகளில் பெருவெற்றி கண்ட இந்நகைச்சுவைப் படத்தில், செவில்லா இளைஞன் ஒருவன் காதலுக்காகப் பாஸ்க் இளைஞனாக வேடமிடுகிறான். பெர்லாங்காவின் ஊர் ஆந்தலூசிய வேடமிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆந்தலூசியன் பாஸ்க் வேடமிடுகிறான். பாஸ்க் ஆயுத அமைப்பான ஏத்தா தன் வன்முறையைக் கைவிடுவதாக 2011 அக்டோபரில் அறிவித்த பின்னரே இத்தகைய சிரிப்பு எளிதாயிற்று. அவ்வகையில் இப்படம் ஒரு நாட்டின் பெருமூச்சு. ஆயினும் இங்குப் பாஸ்க் அடையாளம் உச்சரிப்பு, உடை, முடிவெட்டு, குடும்பப்பெயர் ஆகியவற்றில் தங்கிவிடுகிறது. மொழியைக் கற்காமலே அதை அணிந்துகொள்ள முடிகிறது. பன்மை கேலிக்குரிய வேறுபாடாக இருக்கும்வரை பெரும்பான்மை அதனை மகிழ்வோடு ஏற்கிறது என்பதும் அவ்வெற்றியிலிருந்து பெறத்தக்க செய்தி.

6. பகிர்ந்த மொழியும் பகிராத உரிமையும்

மொழிப்பன்மையை ஏற்றுக்கொள்வதால் மட்டும் தேசிய அடையாளச் சிக்கல் தீர்ந்துவிடுமா என்பது எஞ்சும் வினா. இசியார் போய்யாயின் இயக்கிய 'ஃபுளோரெஸ் தெ ஓத்ரோ முந்தோ' (வேற்றுலகப் பூக்கள், 1999) இவ்வினாவை முன்னதாகவே எழுப்பியது. பெண்கள் வெளியேறிவிட்ட கஸ்தீலியச் சிற்றூருக்குத் துணைதேடிப் பெண்கள் வருகின்றனர். அவர்களுள் தொமினிக்கக் குடியரசைச் சேர்ந்த பத்ரிசியாவும் கியூபாவைச் சேர்ந்த மிலாதியும் உள்ளனர். இருவரின் தாய்மொழியும் ஊராரின் மொழியே. ஆயினும் தோல் நிறமும் பேச்சுத் தொனியும் அவர்களை அயலாராக்குகின்றன. ஒரே மொழி ஒரே தேசத்தை உருவாக்கும் என்ற பழைய கோட்பாடு, அம்மொழி பிறந்த மண்ணிலேயே இங்குத் தோற்கிறது.

மார்செல் பாரெனாவின் 'எல் 47' (2024) அவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தருகிறது. எக்ஸ்திரெமதூரா முதலிய தென்பகுதிகளிலிருந்து பார்சலோனாவின் புறநகரான தோரே பரோவில் குடியேறிய ஏழைகள், விடிவதற்குள் கூரைபோட்டால் இடிக்கமாட்டார்கள் என்பதால் இரவோடிரவாக வீடு கட்டுகின்றனர். பேருந்து மேலே வரமுடியாது என்று மாநகராட்சி மறுத்தபோது, அங்கு வாழ்ந்த ஓட்டுநர் மனுவேல் வீத்தால் 1978இல் தன் 47ஆம் எண் பேருந்தையே மலையேற்றிக் காட்டினார். இவ்வுண்மை நிகழ்ச்சியைக் கூறும் படத்தில் கஸ்தீலியமும் கத்தலானும் மாறிமாறி ஒலிக்கின்றன. குடியேறியவர் இரண்டாம் மொழியை முயன்று பேசுகிறார். அது திணிப்பாகவும் இல்லை, வேடமாகவும் இல்லை. அரசமைப்பு நிறைவேறிய அதே ஆண்டில், நகரத்தின் உறுப்பினராவது எப்படி என்பதை ஒரு பேருந்துத் தடம் தீர்மானித்தது. 2025 கோயா விழாவில் இப்படமும் 'லா இன்ஃபில்த்ராதா' என்ற படமும் சிறந்த படத்திற்கான விருதைப் பகிர்ந்துகொண்டன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழி மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஸ்பெயினில் தேசிய ஒருமை என்பது திரைப்படத்தின் கதைகளால் மட்டுமன்றி, குரல்மாற்று என்ற தொழில்நுட்ப ஏற்பாட்டாலும் உருவாக்கப்பட்டது. கதைகள் ஆட்சியோடு மாறின. செவிப்பழக்கம் ஆட்சியைக் கடந்து நீடித்தது.

இரண்டாவதாக, 1978இல் மொழிகள் சட்ட ஏற்பைப் பெற்றன. கத்தலான் மொழிப் படம் தேசியத்தின் சிறந்த படமாக ஏற்கப்பட்டது 2011இல். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட 33 ஆண்டுகளில் ஆங்கிலம் அவ்விடத்தை இருமுறை பெற்றது. உலகமொழியை ஏற்பதைவிட அண்டைவீட்டு மொழியை ஏற்பது ஒரு தேசத்திற்குக் கடினமாக இருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவதாக, அண்மைய படங்கள் ஒற்றைத் தேசியத்துக்கு மாற்றாக வட்டாரத் தேசியங்களை நிறுவுவதோடு நின்றுவிடவில்லை. 'அல்காராஸ்' படத்தில் ஒரே மொழியினருக்கிடையே நிலவும் நிலவுடைமை வேறுபாடும், 'அஸ் பெஸ்தாஸ்' படத்தில் உள்ளூர் வறுமையின் கோபமும், 'எல் 47' படத்தில் குடியேறியோரின் உரிமைக்குரலும் மொழிக்குள்ளேயே ஒலிக்கின்றன. எம்மொழி பேசப்படுகிறது என்ற வினா, அம்மொழியில் யாருடைய சொல்லுக்கு மதிப்புண்டு என்ற வினாவாக இப்படங்களில் வளர்ந்துள்ளது. வடஆப்பிரிக்க, மேற்காப்பிரிக்கக் குடியேறிகளின் மொழிகள் ஸ்பானியத் திரையில் பெறும் இடத்தை இந்நோக்கில் ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.